கிராப் தாளில் 128 கட்டங்கள்

சென்னிமலையில் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அப்பா பெட்ஷீட்டுக்கும் தலையணை உறைக்கும் ஜக்கார்டு (தறியில் ஓட்டை போட்ட அட்டை வைத்துப் பூ நெய்கிற முறை) டிசைன் போட்ட காலத்துத் தாள்கள் அதில் அடுக்கியிருக்கும். எட்டுக்கு எட்டாகத் தடித்த கோடு போட்ட கிராப் தாள். ஒரு சின்னக் கட்டம் என்பது நீளவாக்கில் ஓடும் ஒரு பாவு இழையும் குறுக்கே ஓடும் ஓர் ஊடை இழையும் சந்திக்கும் இடம். கட்டத்தில் வண்ணம் அடித்திருந்தால் அங்கே பாவு மேலே எழும்ப வேண்டும், அதற்கு ஏற்றபடி அட்டையில் ஓட்டை போடுவார்கள். அப்பாவின் கண் இப்போது சரியில்லை. கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவர்கள் வந்த பிறகு பெட்டியைத் திறக்கவே வேலை இல்லாமல் போய்விட்டது.

போன வருடம் அதில் மிச்சமிருந்த வெற்றுத் தாள்களை எடுத்து, நானும் என் மகளும் ஒரு வீடியோ கேமுக்கு வரைபடம் வரைந்தோம். 1986 பிப்ரவரியில் ஜப்பானில் வந்த 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா'. முடிக்க ஏழு மாதம் ஆயிற்று. பழைய கேம்களை இன்று விளையாட ஆசைப்பட்டுத் தொடங்கி, ஒரு வாரத்தில் வெறுத்துப்போய் விட்டுவிடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் சின்ன வயதில் இந்த கேம் கைக்குக் கிடைத்ததே இல்லை. மே மாத லீவில் ஈரோட்டில் அம்மிச்சி வீட்டுக்குப் போவேன். அந்தத் தெருவில் ஒரு கடையில் மணிக்கு ஐந்து ரூபாய் கொடுத்தால் டிவி கேம் ஆடலாம். மஞ்சள் கேசட், உள்ளே மரியோ, கான்ட்ரா, டாங்கி சண்டை, வாத்து சுடுவது. ஜப்பானிய நிறுவனம் நிண்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற டிவி கேம் பெட்டியைப் பார்த்து மற்றவர்கள் செய்த பெட்டிகள்தாம் நம் ஊருக்கு வந்தன. அவற்றுக்கு வந்த கேசட்டுகளில் எல்லாம் அரைமணியில் முடிகிற கேம்கள். நாள்கணக்கில் ஆடி, விட்ட இடத்தைச் சேமித்து வைக்க வேண்டிய கேம் என்றால் கேசட்டுக்குள் தனியாக ஒரு நினைவகச் சில்லும் ஒரு பேட்டரியும் வேண்டும். மணிக்கணக்குக் கடைக்கு அது ஒத்தும் வராது.

அதனால் முதலில் நான் பழைய முறையிலேயே முயன்றேன். ஒரு பழைய பெட்டியும், செல்டா என்று எழுதிய ஒரு நகல் கேசட்டும் வாங்கினேன். மூன்று மாலை ஆடினோம். நான்காம் நாள் போட்டால் எல்லாம் அழிந்து, பெயர் எழுதும் இடம் காலியாக நின்றது. மகள் அழுதேவிட்டாள். ஈரோட்டில் ரேடியோ, டிவி பழுது பார்க்கிற ஒருவரிடம் கொண்டுபோய்த் திறந்து பார்த்தால், பேட்டரி இருக்க வேண்டிய இடம் வெறுமனே இருந்தது. பேட்டரி வைத்த அசல் கேசட்டாகவே இருந்தாலும் முப்பது வருடத்துக்கு மேலானதில் அந்தப் பேட்டரி தீர்ந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அதை எடுத்துவிட்டு வேறு ஒன்று பற்றவைக்கத்தான் வேண்டும். பழைய கேசட் வாங்குகிறவர்கள் முதல் நாளே ஒரு பெயர் எழுதிச் சேமித்து, அணைத்து, ஒரு மணி நேரம் கழித்துப் போட்டுப் பாருங்கள். மூன்று மாலை மிச்சமாகும்.

அப்புறம் சிங்கப்பூரில் இருக்கிற மச்சான் ஸ்விட்ச் என்ற நிண்டெண்டோவின் புதிய கேம் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் சந்தா கட்டினால் பழைய கேம்கள் வரும், செல்டாவும் உண்டு. பெரிய டிவியில் போட்டதும் இன்னொரு தொல்லை. பொத்தானை அழுத்தினால் கத்தி ஒரு கணம் தாமதமாக நீண்டது. பழைய குழாய் டிவிக்கு அந்தத் தாமதம் கிடையாது. இப்போதைய டிவிகள் படத்தை மெருகேற்றிவிட்டுக் காட்டுவதால் வருவது அது. டிவியின் செட்டிங்கில் 'கேம் மோட்' என்று இருக்கும், அதைப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். கை வேகம் போதவில்லை என்று முடிவு கட்டுமுன் இதைப் பார்த்துவிடுங்கள். அதேபோல வட்டக் குச்சியை விட்டு நான்கு திசைப் பொத்தானில் ஆடுங்கள். இந்த கேமில் நாம் ஆட்டுவிக்கிற வீரன் லிங்க் நான்கு திசையில்தான் நடப்பான், நான்கு திசையில்தான் குத்துவான். குச்சியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாலும் வேண்டாத பக்கம் திரும்பிவிடுவான்.

இதெல்லாம் சரியான பிறகும் முதல் ஞாயிற்றுக்கிழமை முப்பது தடவைக்கு மேல் செத்தோம். கேம் அந்தக் கணக்கை மறைப்பதில்லை. பெயருக்குப் பக்கத்தில் எத்தனை முறை செத்தீர்கள் என்ற எண் நிற்கும். ஏன் செத்தோம் என்று யோசித்தபோது ஒன்று புரிந்தது. சண்டையில் செத்ததைவிட வழி தெரியாமல் அலைந்து, போகக் கூடாத இடத்துக்கு மூன்று இதயத்தோடு (உயிரை இதயக் கணக்கில்தான் கேம் காட்டும்) போய்ச் செத்ததுதான் அதிகம். கேம் கொடுக்கிற வரைபடம் மேலே இடது மூலையில் ஒரு சாம்பல் நிறச் செவ்வகம், அதற்குள் ஒரு புள்ளி. அவ்வளவுதான். மலை எங்கே, கடை எங்கே, குகை எங்கே, எதுவும் அதில் இருக்காது. அதை நாம்தான் வரைய வேண்டும் என்று எதிர்பார்த்துச் செய்த கேம் இது. பெட்டி பரணில் இருந்து இறங்கியது அன்றைக்குத்தான்.

வெளியே நடந்து திரிகிற மேல் உலகம் அகலத்தில் 16 திரை, உயரத்தில் 8 திரை, மொத்தம் 128. அப்பாவின் தாளில் இரண்டு எட்டுக்கெட்டுப் பெருங்கட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கச்சிதமாக அடங்குகிறது. மகள் அதைக் கண்டுபிடித்ததும் அப்பா கயிற்றுக் கட்டிலில் இருந்து எழுந்து வந்து பார்த்தார். படி இறங்கிப் போகிற நிலவறை ஒவ்வொன்றுக்கும், அதில் பல அறைகள் இருந்தாலும், எட்டுக்கெட்டுக் கட்டம் ஒன்றே போதும். "ஏங்கண்ணு, இது ஜக்காட்டுக்காரன் போட்ட கணக்காட்டல்ல இருக்குது" என்றார். அன்றிலிருந்து மாலையில் நாங்கள் டிவி போட்டால் அவரும் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்வார்.

வரைவது எப்படி என்று சொல்கிறேன், ஏனென்றால் பாதி வெற்றி இதில்தான். ஒரு திரைக்கு ஒரு கட்டம் என்றால் எழுத இடம் பற்றாது. நாங்கள் ஒரு திரைக்கு நான்கு சிறு கட்டம் கொடுத்துப் பெரிய தாளில் வரைந்தோம். வழி திறந்திருக்கிற பக்கத்தில் கோடு போடாமல் விட்டுக் காட்டினோம். கடை இருந்தால் என்ன பொருள், என்ன விலை என்று எழுதினோம். விலை எழுதுவது முக்கியம். பெரிய கேடயத்தை ஒரு கடைக்காரன் 160-க்குச் சொல்வான், இன்னொருவன் 130, வேறொரு குகையில் அதே கேடயம் 90-க்குக் கிடைக்கும். ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் நாலு கடை ஏறி விசாரிக்காமல் யாரும் வாங்குவதில்லை, இங்கேயும் அப்படித்தான். மகளுக்கு முதலில் வந்த சந்தேகம், "ஏங்கப்பா, இது நம்ம ரூபாயா?" என்பது. அந்த உலகத்தின் காசுக்குப் பெயர் ரூப்பி, மாணிக்கக் கல்லை நினைத்து வைத்த பெயர். அம்பு ஒன்று விட்டால் ஒரு ரூப்பி குறையும் என்பதால் அவள் அதை நிஜக் காசாகவே பாவித்துச் செலவு பண்ணினாள். அது நல்லதாகப் போயிற்று.

பையில் 255 ரூப்பிக்கு மேல் ஏறாது. எட்டு பிட்டில் எழுதக்கூடிய பெரிய எண் அது. இதைத் தெரிந்துகொண்டபோதுதான் ஒரு விலையின் அர்த்தம் விளங்கியது. ஒரு கற்சிலையைத் தொட்டு நகர்த்தினால் அடியில் ஒரு கடை இருக்கிறது, அங்கே நீல மோதிரம் 250. பை நிறைந்தால்தான் வாங்க முடியும். போட்டுக்கொண்டால் படுகிற அடி பாதியாகக் குறையும். எதற்கும் காசை உடைக்காமல் இதற்குச் சேர்த்து வையுங்கள் என்பது நான் தருகிற முதல் அறிவுரை. பத்துப் பகைவர்களை ஒரு அடியும் வாங்காமல் அடுத்தடுத்துக் கொன்றால் பத்தாவது ஐந்து ரூப்பி போடும், அந்தப் பத்தாவதை வெடிகுண்டால் கொன்றால் குண்டு போடும். இந்தக் கணக்கு கேமுக்குள் ஒரு கிழவரின் வாயில் அரைகுறையாக வருகிறது. ஜப்பானியத்தில் இருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது பல குறிப்புகள் நசுங்கிவிட்டன. புரியாத வாக்கியத்தையும் அப்படியே எழுதி வையுங்கள், பின்னால் உதவும்.

இன்னொரு பழக்கம், புள்ளி வைப்பது. இந்த கேமில் எந்தப் புதரும் எரியலாம், எந்தப் பாறையும் உடையலாம். நீல மெழுகுவர்த்தி 60 ரூப்பி, ஒரு திரையில் ஒரு தடவைதான் எரியும். வெளியே போய்த் திரும்ப வந்தால் இன்னொரு தடவை. எந்தப் புதரைச் சோதித்தோம், எதைச் சோதிக்கவில்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ள யாராலும் முடியாது. சோதித்ததற்குச் சிவப்புப் புள்ளி வைத்தோம். நிலவறைக்குள் இது இன்னும் சுலபம். அங்கே கதவுகள் எப்போதும் சுவரின் நடுவில்தான். அதனால் குண்டை நடுவில் மட்டும் வைத்தால் போதும், குண்டு வீணாகாது. தொடக்கத்தில் எட்டுக் குண்டுதான் சுமக்கலாம். உள்ளே ஒரு கிழவர் 100 ரூப்பி கேட்பார், கொடுத்தால் இன்னும் நான்கு கூடும்.

சண்டையைப் பற்றிக் கொஞ்சம். இதயம் எல்லாம் நிறைந்திருந்தால் கத்தியில் இருந்து ஒளி பாயும், தூரத்தில் நின்றே அடிக்கலாம். அரை இதயம் குறைந்தால்கூட நின்றுவிடும். ஆகவே தேவதை இருக்கும் குளத்துக்கு நடந்துபோய் இதயத்தை நிரப்பிக்கொண்டு வருவது நேர விரயம் இல்லை. செத்துத் தொடர்ந்தால் மூன்று இதயத்தோடுதான் எழுப்பும். நிலவறையில் செத்தால் அதன் வாசலில் நிற்போம், எடுத்த சாவியும் பொருளும் நம்மிடமே இருக்கும். அப்படியே கோபத்தில் உள்ளே ஓடாமல், வெளியே போய் நிரப்பிக்கொண்டு வாருங்கள். முதல் இரண்டு நிலவறையும் முடித்தால் ஐந்து இதயம் ஆகிவிடும். உடனே அருவிக்கு மேலே இருக்கிற குகைக்குப் போய் வெள்ளைக் கத்தியை வாங்கிவிட வேண்டும். நாங்கள் இதை அறியாமல் மரக் கத்தியோடு ஐந்தாம் நிலவறை வரை போனோம். அங்கே நீலக் கவச வீரர்கள், முன்னால் இருந்து குத்தினால் கேடயத்தில் பட்டு ஒன்றும் ஆகாது. பக்கவாட்டிலோ முதுகிலோதான் அடிக்க வேண்டும். குண்டு மட்டும் கேடயத்தைப் பார்க்காது.

ஆறாவது நிலவறையில் ஒரு மாதம் நின்றோம். மந்திரவாதிகள். தோன்றுவார்கள், சுடுவார்கள், மறைவார்கள். பெரிய கேடயம் இருந்தால் அவர்கள் சுடுவதைத் தடுக்கலாம். ஆனால் அதே இடத்தில் உருளையாக ஊர்ந்து வருகிற ஒன்று லிங்கை விழுங்கி, கேடயத்தைத் தின்றுவிட்டுத்தான் விடும். 90 ரூப்பி போச்சு, திரும்ப அந்தக் குகை வரை நடை. ஒரு ராத்திரி மகள் தூங்கிய பிறகு நான் ஸ்விட்ச்சில் இருக்கிற பின்னோட்ட வசதியைப் பயன்படுத்தினேன். அடி பட்டால் சில நொடி பின்னால் இழுத்து மறுபடி. ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டேன். மறுநாள் அவளுக்குக் காட்டலாம் என்று பழைய இடத்தில் இருந்து தொடங்கினால் என்னால் இரண்டு அறைகூடத் தாண்ட முடியவில்லை. மந்திரவாதி எங்கே நின்றால் எந்தப் பக்கம் சுடுவான் என்பது என் கைக்கு வரவே இல்லை. முந்தின ராத்திரி முடித்ததை விட்டுவிட்டு அவளோடு சேர்ந்து ஆடினோம். அவன் நேர்கோட்டில் மட்டும்தான் சுடுகிறான், அதனால் கோட்டை விட்டு அரைக்கட்டம் விலகி நில் என்று அவள் சொன்னாள். அதுதான் தீர்வு.

பின்னோட்டமே கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்பாவின் விரல் நடுங்கும். அவர் ஆடும்போது தாராளமாகப் பயன்படுத்தினோம், அவருக்கு அது சந்தோஷம். ஆனால் முழு நேரமும் அதை நம்பினால் கேம் முடியும், கற்றது ஒன்றும் இருக்காது. நாங்கள் வைத்துக்கொண்ட ஒழுங்கு இதுதான்: சமையல் ஆனதும் அணைக்க வேண்டியிருக்கும் என்பதால் விட்ட இடத்தைச் சேமிக்கிற வசதியைப் புத்தகத்தில் வைக்கிற அடையாளம்போலப் பயன்படுத்துவது. தீர்வை இணையத்தில் தேடுவது ஒரு வாரம் முழுக்க முட்டிய பிறகுதான், அதுவும் ஒரே ஒரு கேள்விக்கு.

அப்படி இரண்டே இரண்டு கேள்விதான் கேட்டோம். ஒன்று, முயல் காது வைத்த ஒரு ஜந்து. அதற்குச் சத்தம் பிடிக்காது என்று பழைய கையேடு சொல்கிறது. புல்லாங்குழல் ஊதிப் பார்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை. ஜப்பானிய ஃபேமிகாமின் இரண்டாவது கைப்பிடியில் ஒரு மைக் இருந்தது, அதில் கத்தினால் அது சாகும். வெளிநாட்டுக்குப் போன பெட்டியில் மைக் இல்லை, குறிப்பு மட்டும் தங்கிவிட்டது. அம்பு விட்டால் ஒரே அம்பில் போய்விடும். இதை எத்தனை நாள் யோசித்தாலும் நம்மால் கண்டுபிடித்திருக்க முடியாது, கேட்டதில் தப்பே இல்லை. இரண்டாவது, ஏழாம் நிலவறையில் வழியை மறித்து முணுமுணுக்கிற ஒருவன். கத்தி, குண்டு எதுவும் வேலைக்கு ஆகவில்லை. அவனுக்குப் பசி. கடையில் விற்கிற இறைச்சியை வாங்கிக் கொடுத்தால் விலகுவான். ஒரு கடையில் 100, இன்னொன்றில் 60. விடையைப் பார்த்ததும் மகள், "நான் கேட்டிருக்கணும்ப்பா, வயிறு முனகுறாப்பல இருந்துச்சு" என்று வருத்தப்பட்டாள். அதற்கு இன்னும் இரண்டு நாள் பொறுத்திருக்கலாம் என்று எனக்கும் இன்றுவரை இருக்கிறது.

ஆனால் ஏழாம் நிலவறையின் வாசலை அவளே கண்டுபிடித்தாள். தேவதை குடியிருக்காத இடத்தில் ரகசியம் உண்டு என்று ஒரு கிழவர் சொன்னதை எழுதி வைத்திருந்தோம். வரைபடத்தில் குளங்களைப் பார்த்துக்கொண்டே வந்தவள், ஒரு குளத்துக்குப் பக்கத்தில் மட்டும் தேவதை என்று எழுதவில்லை என்று காட்டினாள். அங்கே போய்ப் புல்லாங்குழல் ஊதினால் தண்ணீர் வற்றிப் படிக்கட்டு தெரிந்தது. வரைந்திருக்காவிட்டால் அது கண்ணில் பட்டிருக்காது.

எட்டாவது அப்பாவுடையது. மூன்று நாளாகப் புதர்களை எரித்துக்கொண்டிருந்தோம், தாள் முழுக்கச் சிவப்புப் புள்ளி. அப்பா டிவிக்கு வெகு அருகில் வந்து நின்று, ஒவ்வொரு திரையாக மெதுவாக நடக்கச் சொன்னார். மரங்கள் எல்லாம் வரிசையாக, டிசைன் திரும்பத் திரும்ப வருவதுபோல நிற்கும். ஒரு திரையில் வழியின் நடுவே ஒற்றை மரம். "நில்லு சாமி. அது மட்டும் டிசைன்ல சேரல. அட்டையில ஒரு ஓட்டை தப்பா விழுந்தாத்தான் இப்படி ஒத்தைப் புள்ளி நிக்கும்" என்றார். மெழுகுவர்த்தியை அதில் வைத்தோம். எரிந்து, படி தெரிந்தது. ஐம்பது வருடம் துணியில் தப்புத் தேடிய கண். அம்மா அடுப்படியில் இருந்து ஓடி வருகிற அளவுக்கு மூன்று பேரும் சத்தம் போட்டுவிட்டோம்.

நிலவறை வரைபடங்களை முடித்து வரிசையாக ஒட்டியபோது இன்னொன்றும் தெரிந்தது. முதலாவது கழுகு வடிவம், மூன்றாவது நம் வீட்டு வாசலில் போடுகிற ஸ்வஸ்திகம், ஜப்பானில் புத்தர் கோயில்களில் இருக்கிற இடப்பக்கம் திரும்பிய மஞ்சி. முதல் ஆறு நிலவறைகளையும் வெட்டி அருகருகே நகர்த்தினால் ஒன்றின் பள்ளத்தில் இன்னொன்றின் மேடு பொருந்தி, 16-க்கு 8 என்ற ஒரே செவ்வகத்துக்குள் அடங்கிவிடுகின்றன. திருப்பூரில் கட்டிங் மாஸ்டர் துணி வீணாகாமல் மார்க்கர் போடுவது இப்படித்தான். அப்படி அடுக்கும்போது தவறுதலாகப் பாதி நினைவகத்தையே பயன்படுத்திவிட்டார்கள் என்றும், அந்த மிச்சத்தில்தான் இரண்டாம் பயணம் என்று முழுசாக இன்னொரு கேமை வைத்தார்கள் என்றும் அதைச் செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். மியாமோட்டோவும் டெசுகாவும் அவர்களுடைய ஆட்களும். இவ்வளவு சின்ன இடத்துக்குள் இவ்வளவு பெரிய காட்டை மடித்து வைத்தவர்கள் மேல் எனக்கு இருக்கிற மரியாதை, வரைந்து பார்த்த பிறகு வந்தது.

கடைசி எதிரியான கானனைக் கொன்றது தைப்பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை. கண்ணுக்குத் தெரியாமல் அலைவான், குத்திக்குத்தி நிறம் மாறி நிற்கும்போது வெள்ளி அம்பு விட வேண்டும். அந்த அம்பை ஒன்பதாம் நிலவறைக்குள்ளேயே தேடி எடுக்காமல் அவனிடம் போனால் பயனில்லை. அம்பு விட ஒரு ரூப்பியாவது பையில் இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். மகள்தான் கடைசி அம்பை விட்டாள். பெயருக்குப் பக்கத்தில் 211 என்று நின்றது.

முடித்ததும் இரண்டாம் பயணம் தானாகத் திறந்தது. நிலவறைகள் எல்லாம் மாறியிருக்கின்றன, சில சுவர்களுக்குள் நடந்தே போகலாம். பழைய வரைபடத்தைப் பார்த்து ஆடினால் ஏமாந்துபோவீர்கள், புதுத் தாள் எடுத்துவிடுங்கள். முதல் நிலவறையை வரைந்து முடித்தபோது அப்பா தாளைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இங்கிலீசு ஈ எழுத்தல்ல போட்டிருக்கறான். இதுக்கு அடுத்தது என்னன்னு பாரு அம்மிணி" என்றார். அவள் பென்சிலைச் சீவ ஆரம்பித்தாள்.